விழுந்த இடம், பிடித்த கை

1944 ஆகஸ்ட் 14. பாரீஸுக்குத் தென்மேற்கே, ஷாத்தோதன் ஊரை ஒட்டிய ஃப்ரெத்வால் காட்டிலிருந்து நேச நாட்டு விமானப்படையினர் 130க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு, கோடை முழுவதும் அந்தக் காட்டுக்குள் கூடாரம் போட்டு ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். அவர்களை ஏற்றிச் செல்லப் பேருந்துகள் காத்திருந்தன. மறுநாள், ஆகஸ்ட் 15, பாரீஸின் ஃப்ரேன் சிறையிலிருந்து அதே நேச நாடுகளைச் சேர்ந்த 168 விமானப்படையினரைக் கூட்டிப்போய்ச் சரக்கு ரயிலில் அடைத்தார்கள். அவர்களும் அதே கோடையில், அதே வானிலிருந்து விழுந்தவர்கள்தாம். ஐந்து நாள் கழித்து அந்த ரயில் போய் நின்ற இடம் புக்கன்வால்ட் வதைமுகாம். ஆகஸ்ட் 25 அன்று பாரீஸ் விடுதலையானது.

இரு கூட்டத்துக்கும் நடுவே வீரத்தில் வேறுபாடு இல்லை. பயிற்சியும் ஒன்று, வயதும் ஏறத்தாழ ஒன்று, உடுத்தியிருந்த பிரெஞ்சுக் குடியானவனின் பழைய கோட்டும்கூட ஒன்றுதான். ஒரு கூட்டத்தை ஏற்றுக்கொண்ட கைகள் உண்மையான கைகளாக இருந்தன, இன்னொரு கூட்டத்தை ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்று பொய்க் கை. எதிரி நாட்டில் விழுந்த குண்டுவீச்சு விமானி தப்பிப்பதைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களும் எடுக்கப்பட்ட படங்களும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அவனுடைய சாமர்த்தியத்தைத்தான் கொண்டாடுகின்றன. ஆவணங்களைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பாராசூட் விரிந்த கணத்திலிருந்து அவன் தலைவிதி அவன் கையில் பெரும்பாலும் இல்லை. யார் முதலில் பிடித்தார்கள், எந்த அலுவலகம் அவனைத் தன் ஆள் என்று பதிவு செய்தது, பிடிபட்டபோது உடம்பில் என்ன உடை இருந்தது ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்தன.

அதற்கும் முன்னால், விமானத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் போர் முழுவதும் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள். எல்லோரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். 55,573 பேர் இறந்தார்கள். போர்க்கைதிகளாகப் பிடிபட்டவர்கள் 10,000க்குச் சற்றுக் குறைவு. இறந்தோருக்கும் பிடிபட்டோருக்கும் உள்ள இந்த விகிதமே விழுந்த விமானத்திலிருந்து உயிரோடு வெளியேறுவது எவ்வளவு அரிது என்று சொல்லிவிடுகிறது. பின்னாளில் பெரிய இயற்பியலாளராக அறியப்பட்ட ஃப்ரீமன் டைசன் 1943இல், 19 வயதில், இந்தப் பிரிவின் தலைமையகத்தில் கணக்கு பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே அவரும் சக ஊழியர் ஒருவரும் கண்ட எண்கள் இவை: அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் வீழ்த்தப்பட்டால் அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்கள். பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ், ஸ்டெர்லிங் விமானங்களில் நாலில் ஒருவர். லங்காஸ்டரில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான்.

லங்காஸ்டர் பிரிட்டனின் பெருமிதம். அதிகக் குண்டு சுமக்கும், உயரப் பறக்கும். அதன் மூக்குப் பகுதியின் தரையில் இருந்த அவசரக் கதவின் அகலம் 22 அங்குலம், ஹாலிஃபாக்ஸின் கதவு 24 அங்குலம். கம்பளி உடையும் காலணியும் பாராசூட்டும் அணிந்த ஒருவன், எரிந்தபடி சுழன்று விழும் விமானத்தில், இருட்டில், இரண்டு அங்குலம் குறைந்த அந்தக் கதவுக்குள் உடலை நுழைக்க வேண்டும். நடுவில் இருப்பவர்களோ இறக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தாண்டித்தான் முன்னால் வர முடியும். வாலில் தனியே உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரனின் பாராசூட் அவன் கூண்டுக்கு வெளியே மாட்டியிருக்கும். கதவைப் பெரிதாக்கச் சொல்லி டைசனின் சக ஊழியர் நெடுங்காலம் மல்லுக்கு நின்றார். நிர்வாகம் இழுத்தடித்தது. அகலக் கதவு விமானங்களுக்கு வந்து சேர்வதற்குள் போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஜெர்மானியரின் துப்பாக்கியைப் பற்றி எழுதுவோர் இந்த இரண்டு அங்குலத்தைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. 1944 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் லங்காஸ்டர் ஒன்றின் வால் துப்பாக்கி வீரர் நிக்கலஸ் ஆல்க்மேட், பாராசூட் எரிந்துவிட்டதால், வெந்து சாவதைவிட இது மேல் என்று 18,000 அடி உயரத்திலிருந்து வெறுமனே குதித்தார். பைன் மரக் கிளைகளும் அடியில் குவிந்திருந்த பனியும் தாங்கிக்கொள்ள, கால் சுளுக்கோடு எழுந்தார். பிடித்த ஜெர்மானியர்கள் அவரை ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். பிறகு விமானத்தின் சிதைவில் எரிந்துபோன பாராசூட்டைக் கண்டெடுத்துச் சரிபார்த்தார்கள். இப்படி நடந்தது மெய்தான் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஆல்க்மேட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அந்த அதிசயம் மட்டுமன்று. அவர் போய்ச் சேர்ந்தது லுஃப்ட்வாஃபேயின், அதாவது ஜெர்மன் விமானப்படையின், கையில். அவர் சீருடையில் இருந்தார். ஆகவே அவர் போக வேண்டிய வழி தெளிவாக இருந்தது.

அந்த வழி ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஓபருர்செல் என்ற ஊரில் இருந்த விசாரணை முகாமில் தொடங்கும். பிடிபட்ட விமானப்படையினர் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கொண்டுவரப்பட்டார்கள். தனியறையில் சில நாட்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம்போல் தோன்றும் ஒரு போலிப் படிவம், அதில் படைப்பிரிவின் பெயரையும் நிரப்பச் சொல்லும் கனிவான வற்புறுத்தல். ஹான்ஸ் ஷார்ஃப் என்ற விசாரணையாளர் யாரையும் அடித்ததில்லை. கைதியோடு உலாவப் போவார், பேச்சுக் கொடுப்பார், முன்பே எல்லாம் தெரிந்தவர்போல் நடந்துகொள்வார். அவருடைய முறையை அமெரிக்கர்களே போருக்குப் பின் கேட்டறிந்தார்கள். ஓபருர்செல்லிலிருந்து விமானப்படை நடத்திய போர்க்கைதி முகாம்கள். அங்கே பசியும் குளிரும் உண்டு, ஆனால் பெயர் செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியலில் ஏறிவிடும். பட்டியலில் ஏறிய ஆளைக் காணாமல் போக்குவது அவ்வளவு எளிதன்று.

ஓபருர்செல் போய்ச் சேரும் வரைதான் ஆபத்து. 1943 ஆகஸ்டிலேயே காவல்துறைத் தலைவர் ஹிம்லர், பொதுமக்களுக்கும் குண்டு போடும் விமானிகளுக்கும் இடையே நடப்பதில் காவல்துறை தலையிட வேண்டாம் என்று உத்தரவிட்டிருந்தார். 1944 மே இறுதியில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரை மக்களின் கோபத்துக்கு ஏறக்குறைய அனுமதிச் சீட்டு. அடுத்த சில நாட்களில் போர்மன் நாஜிக் கட்சித் தலைவர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, விமானிகளை அடித்துக் கொன்றவர்கள் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை என்பதைத் தகவலாகச் சொன்னது. கொல்லுங்கள் என்ற சொல் அதில் இல்லை. அதிகாரம் இப்படித்தான் கையைக் கழுவிக்கொள்ளும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று ரூசல்ஸ்ஹைம் என்ற ஊரில் நடந்தது இதன் விளைவு. இரண்டு நாள் முன்பு வேறோர் இடத்தில் வீழ்த்தப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் குழுவினர் எட்டுப் பேரைக் காவலர்கள் ரயிலில் ஓபருர்செல்லுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ரூசல்ஸ்ஹைமில் ஓப்பல் தொழிற்சாலை இருந்தது. முந்தைய இரவில்தான் பிரிட்டிஷ் விமானங்கள் அந்த ஊர்மீது குண்டு பொழிந்திருந்தன. தண்டவாளம் சிதைந்திருந்ததால் கைதிகளை இறக்கித் தெரு வழியே நடத்திப் போனார்கள். வீடிழந்தவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். அந்த எட்டுப் பேர் அந்த ஊர்மீது குண்டு போட்டதே இல்லை. கல், செங்கல், தடி, சம்மட்டி, கடைசியில் கட்சிக்காரன் ஒருவனின் துப்பாக்கி. ஆறு பேர் இறந்தார்கள். இருவர் பிணங்களுக்கு நடுவே பிணமாய்க் கிடந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து தப்பி, சில நாள் அலைந்து மீண்டும் பிடிபட்டு, கடைசியில் போக வேண்டிய அதே ஓபருர்செல்லுக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1945 ஜூலையில் டார்ம்ஷ்டாட் நகரில் நடந்த வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடியவர் லியோன் ஜவோர்ஸ்கி. முப்பது ஆண்டுக்குள் வாட்டர்கேட் வழக்கில் நிக்சனின் ஒலிநாடாக்களைக் கேட்டு வாங்கிய அதே ஜவோர்ஸ்கி. ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தண்டவாளம் ஒழுங்காக இருந்திருந்தால் இத்தனையும் நடந்திராது.

பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ விழுந்தவனின் கதை வேறு. அங்கே முதலில் ஓடி வருபவர் பெரும்பாலும் விவசாயி, அவர் அடிப்பதற்காக ஓடி வருவதில்லை. சீருடையைக் கழற்றிப் புதைப்பார்கள், பழைய சட்டையும் கோட்டும் கொடுப்பார்கள். விமானியும் இதற்குத் தயாராகத்தான் வந்திருப்பான். தப்பிப்போருக்கு உதவுவதற்காகவே பிரிட்டன் 1939 டிசம்பரில் தொடங்கிய எம்.ஐ.9 என்ற ரகசியப் பிரிவு, பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடமும், பொத்தானுக்குள் ஒளித்த திசைகாட்டியும், போலி அடையாள அட்டைக்கு ஒட்டச் சாதாரண உடையில் எடுத்த புகைப்படமும் கொடுத்தனுப்பியது. விமானக் காலணியின் கம்பளி மேல்பகுதியைச் சிறு கத்தியால் அறுத்தெடுத்தால் மிச்சம் சாதாரணச் செருப்புக்கடைக் காலணியாகிவிடும். புகைப்படத்துக்கென்று ஒரு படைத்தளத்தில் எல்லோரும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதால், கோட்டைப் பார்த்தே எந்தத் தளம் என்று ஜெர்மானியர் கண்டுபிடித்தார்கள் என்றொரு கதையும் விமானப்படையினரிடையே உலவியது.

சீருடையைக் களைந்ததும் அவன் நடமாட முடிந்தது. அதே நொடியில் அவனுக்கிருந்த காப்பும் போயிற்று. சட்டப்படி பார்த்தால் அப்படிப் போயிருக்கக் கூடாது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி, ரகசியமாகத் தகவல் திரட்டுபவன்தான் ஒற்றன். உயிர் தப்ப உடை மாற்றியவன் ஒற்றனாக மாட்டான். முகாமிலிருந்து தப்பியோடிப் பிடிபட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கையாக முப்பது நாள் சிறைக்கு மேல் தரக் கூடாது என்றது 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. ஜெர்மனியும் அதில் கையெழுத்திட்டிருந்தது. ஆனால் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஹேக் விதியைப் படித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்? பிடிபட்டவர்கள் கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டைக் காட்டினார்கள், பெயரும் பதவியும் எண்ணும் சொன்னார்கள். கெஸ்டபோவினரோ கோட்டைத்தான் பார்த்தார்கள்.

உடை மாற்றிக் கொடுத்தவர்களுக்கு அந்த அரைகுறைக் காப்புகூடக் கிடையாது. 1941 ஆகஸ்டில் 24 வயது பெல்ஜியப் பெண் ஒருத்தி ஸ்பெயினின் பில்பாவோ நகரில் உள்ள பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் நுழைந்து, கூட்டி வந்திருந்த ஆட்களைக் காட்டி, இன்னும் கொண்டுவர முடியும், வழிச்செலவு மட்டும் கொடுங்கள் என்றாள். பெயர் ஆந்த்ரே த யோங். ‘கொமெட்’ என்று பெயர் பெற்ற தப்பிப்புத் தடம் இப்படித் தொடங்கியது: பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரீஸ், அங்கிருந்து தெற்கே ரயில், பிறகு கடத்தல்காரராய் இருந்த பாஸ்க் வழிகாட்டி ஃப்ளோரெந்தினோவின் பின்னால் இரவில் பிரனீஸ் மலை, பிதசோவா ஆறு. நூற்றுக்கும் மேற்பட்டோரை அவள் தானே கூடப்போய்க் கடத்திவிட்டாள். 1943 ஜனவரியில் மலையடிவாரப் பண்ணை வீட்டில் பிடிபட்டாள். இதன் தலைவி நான்தான் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டாள். சின்னப் பெண் இவ்வளவு செய்திருக்க முடியாது என்று நினைத்த அவர்கள் அதை நம்பவில்லை. ராவன்ஸ்ப்ரூக் முகாமைக் கண்டும் அவள் பிழைத்ததற்கு அந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம். அவள் தந்தை ஃப்ரெடெரிக்கை 1944 மார்ச்சில் பாரீஸ் அருகே சுட்டுக் கொன்றார்கள். அவர் பிடிபடக் காரணமானவன் தன்னை எதிர்ப்பு இயக்கத்தவன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்த ஓர் இளைஞன்.

அவனும் பெல்ஜியத்தவன்தான். உண்மைப் பெயர் ஜாக் தெஸுப்ரி. ஆனால் அதை அவன் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் ழான் மாஸோன், வேறிடத்தில் பியேர் புலேன். கெஸ்டபோவுக்காக வேலை செய்தான். கிராமங்களில் மறைந்திருந்த விமானிகளை உண்மையான எதிர்ப்பு இயக்கத்தார் நல்லெண்ணத்தோடு அவனிடம் ஒப்படைத்தார்கள், ஸ்பெயினுக்கு அனுப்புவான் என்று நம்பி. அவன் அவர்களைப் பாரீஸ் கொண்டுவந்து ஏதாவது ஹோட்டலில் தங்கவைப்பான். பிறகு ஒரு கார் வரும், எல்லைக்குப் போகிறோம் என்பார்கள். கார் போய் நிற்கும் இடம் கெஸ்டபோ அலுவலகம். வழியெல்லாம் கிராமத்துப் பாட்டிகளும் பாதிரியார்களும் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய ஆள், கடைசிக் கையில் விலையானான்.

1944 கோடையில் இந்தத் தடங்கள் இன்னும் நலிந்துபோயிருந்தன. நார்மண்டியில் இறங்குவதற்கு முன் நேச நாடுகளே பிரான்ஸின் ரயில் பாதைகளைக் குண்டு போட்டு உடைத்துக்கொண்டிருந்தன. தெற்கே ரயிலில் அனுப்புவது இயலாத காரியம். எம்.ஐ.9இன் ஏரி நீவ் வகுத்த மாற்றுத் திட்டம்தான் ஃப்ரெத்வால்: விமானிகளை நகர்த்தாமல் காட்டில் கூட்டிவைத்து, படை வரும்வரை சோறு போடுவது. பெல்ஜிய விமானப்படை அதிகாரி லூசியன் பூசா காட்டுக்குள் ஒழுங்கை நிலைநாட்டினார். சுற்றுவட்டார விவசாயிகளும் ரொட்டிக் கடைக்காரர்களும் நாள்தோறும் உணவு சேர்த்தார்கள். ஊரே அறிந்த ரகசியம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாரீஸ் பக்கம் அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

நியூசிலாந்துக்காரர் ஃபில் லாமேசன் அவர்களில் ஒருவர். நேப்பியர் நகரில் பிறந்தவர், வயது 25, ஸ்குவாட்ரன் லீடர், வீரப் பதக்கம் இருமுறை பெற்றவர். 1944 ஜூன் 8 அதிகாலை, பாரீஸுக்குத் தெற்கே மாஸி-பலெஸோ ரயில்வே யார்டைத் தாக்கப் போனபோது அவருடைய லங்காஸ்டர் வீழ்ந்தது. அவரும் நேவிகேட்டர் கென் சாப்மனும் ஏறத்தாழ ஏழு வாரம் எதிர்ப்பு இயக்கத்தாரின் பாதுகாப்பில் இருந்தார்கள். பிறகு பாரீஸ், பிறகு கெஸ்டபோ, பிறகு ஃப்ரேன்.

ரயிலில் 168 விமானப்படையினர் இருந்தார்கள்: 82 அமெரிக்கர், 48 பிரிட்டிஷார், 26 கனடாக்காரர், 9 ஆஸ்திரேலியர், 2 நியூசிலாந்துக்காரர், ஒரு ஜமைக்கர். பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து விழுந்தவர்கள், சில போர்விமான ஓட்டிகளும் உண்டு. அவர்களோடு பெருந்தொகையான பிரெஞ்சு அரசியல் கைதிகளும். குதிரை ஏற்றும் பெட்டிகளில் உட்காரவும் இடமில்லை. மார்ன் ஆற்றுப் பாலம் குண்டுவீச்சில் உடைந்திருந்ததால் இறக்கி நடக்கவைத்து மறுபக்கம் வேறு ரயிலில் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 20 அன்று புக்கன்வால்ட்.

வைமார் நகரை ஒட்டிய எட்டர்ஸ்பெர்க் குன்றின்மேல் இருந்தது அந்த முகாம். ஜெர்மன் கவிஞர் கதே உலாவிய குன்று என்பார்கள். கதேயின் மரம் என்று கைதிகள் சொல்லிவந்த கருவாலி ஒன்று வேலிக்குள்ளேயே நின்றது. வந்தவர்களின் தலையை மழித்தார்கள், காலணியைப் பிடுங்கினார்கள், கொட்டகை தரவில்லை. ‘சின்ன முகாம்’ எனப்பட்ட மிக மோசமான பகுதியில், கல் பாவிய திறந்தவெளியில் இரவு பகலாகக் கிடந்தார்கள். அவர்களின் தாள்களில், இவர்களை வேறு முகாமுக்கு மாற்றக் கூடாது என்ற குறிப்பு இருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தகவல் இல்லை. வீட்டுக்குப் போன கடைசிச் செய்தி, காணவில்லை என்பது.

வந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 24, நடந்தது அபத்தத்தின் உச்சம். முகாமை ஒட்டியிருந்த குஸ்ட்லாஃப் ஆயுதத் தொழிற்சாலையை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. கீழே வெறுங்காலோடு நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் பலர் அதே விமானங்களில் பறந்தவர்கள். தாக்குதல் துல்லியமாகத்தான் இருந்தது, ஆனாலும் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த கைதிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கதேயின் மரமும் எரிந்தது. தீயணைக்கவும் இடிபாடு அகற்றவும் விமானப்படையினரை வெறுங்காலோடு விரட்டினார்கள். மேலிருந்து குண்டு போடுபவன் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த 168 பேர் பார்த்தார்கள். ரூசல்ஸ்ஹைம் தெருவில் கல்லெடுத்தவர்களை இது எந்த விதத்திலும் நியாயப்படுத்தாது, ஆனால் இரண்டையும் ஒருசேர நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதவியில் மூத்தவர் என்ற முறையில் லாமேசன் பொறுப்பேற்றார். நாடுவாரியாகக் குழு பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்தார். கிழிந்த துணியும் மழித்த தலையுமாக இருந்தவர்களை அணிவகுத்து நடக்கச் சொன்னார். முகாமை நடத்திய எஸ்.எஸ். காவலர்களுக்கு அது எரிச்சலூட்டியது, சக கைதிகளுக்கு வியப்பூட்டியது. ஆயுதத் தொழிற்சாலையில் ஆட்களை வேலைக்கு அனுப்பச் சொன்னபோது மறுத்தார். அவர் பின்னாளில் சொன்னபடி, துப்பாக்கிகளை அவர்மேல் குறிவைத்து நிறுத்தியும் பணியவில்லை, கடைசியில் எதிரில் நின்ற அதிகாரிதான் பின்வாங்கினார். வீரம் கணக்கில் வராது என்று மேலே சொன்னதற்கு இது மறுப்பாகத் தோன்றலாம். முகாமுக்குள் உயிரையும் ஒழுங்கையும் காத்தது அவருடைய வீரம்தான். வேலியைத் திறக்க அது போதவில்லை.

முகாமில் இன்னொரு கூட்டமும் இருந்தது. பிரான்ஸில் ரகசிய வேலை செய்து பிடிபட்ட நேச நாட்டு உளவாளிகள் 37 பேர் விமானப்படையினருக்குச் சில நாள் முன்பு வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் யோ-தாமஸ். செப்டம்பரில் அவர்களில் பதினாறு பேரை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்துத் தூக்கில் போட்டார்கள். யோ-தாமஸும் வேறு இருவரும் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோன கைதிகளின் பெயரைத் தமதாக்கிக்கொண்டு பிழைத்தார்கள். அந்த மூவரில் ஸ்டெஃபான் எஸெல் பின்னாளில் பிரெஞ்சு ராஜதந்திரி, 93 வயதில் எழுதிய சிறு நூலால் உலகறிந்தவர். உளவாளிகளுக்காகப் பேச ஜெர்மனிக்குள் எந்த அமைப்பும் இல்லை. விமானப்படையினருக்கு ஒன்று இருந்தது, அவர்களை வீழ்த்திய விமானப்படை.

லாமேசன் அதைத்தான் பற்றினார். முகாமின் தலைமறைவு இயக்கத்தின் உதவியோடு, அருகிலிருந்த நோரா விமானத்தளத்துக்கு வேலைக்குப் போகும் ரஷ்யக் கைதிகள் வழியாக, நேச நாட்டு விமானப்படை அதிகாரிகள் இங்கே அடைபட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே போனது. குண்டுவீச்சின் சேதத்தைப் பார்வையிடுவதாகச் சொல்லிக்கொண்டு லுஃப்ட்வாஃபேயின் பெயர்பெற்ற போர்விமானி ஹான்னெஸ் டிராட்லாஃப்ட் முகாமுக்கு வந்தார். திரும்பும்போது வேலிக்கு அப்பாலிருந்து அமெரிக்கர் ஒருவர் ஜெர்மன் மொழியில் உரக்கக் கூப்பிட்டார். காவலர்கள் தடுத்தும் டிராட்லாஃப்ட் நின்று கேட்டார். பெர்லினுக்குப் போய்ச் சொன்னார். எங்கள் கைதிகளை எங்களிடம் கொடுங்கள் என்று லுஃப்ட்வாஃபே கேட்டது.

இதை மனிதநேயம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் எழுத்துகள் உண்டு. டிராட்லாஃப்டின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆனால் லுஃப்ட்வாஃபேயின் ஆயிரக்கணக்கான விமானிகள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா முகாம்களில் இருந்தார்கள். இங்கே நடப்பது அங்கே எதிரொலிக்கும் என்ற அச்சம் விமானப்படைக்கு இருந்தது, எஸ்.எஸ்.ஸுக்கு இல்லை. விமானி யாராயினும் நம் ஆளுகை என்ற துறைப் பொறாமையும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பொறாமை எப்போதும் வென்றதும் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் சாகன் நகரிலிருந்த லுஃப்ட்வாஃபேயின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பினார்கள். அதை வைத்துத்தான் ஹாலிவுட் பிறகு ‘தி கிரேட் எஸ்கேப்’ படம் எடுத்தது. பிடிபட்ட 73 பேரில் 50 பேரைக் கெஸ்டபோ சுட்டுக் கொன்றது. முகாம் தலைவர் லிண்டைனர் அதைத் தடுக்க முடியாததோடு, தப்பவிட்டதற்காகத் தாமே ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்.

அக்டோபர் இறுதிக்குள் 168 பேரையும் கொன்றுவிட உத்தரவு வந்திருக்கிறது என்று தலைமறைவு இயக்கம் லாமேசனிடம் சொல்லியிருந்தது. தம் ஆட்களின் மனம் உடைந்துவிடும் என்று அவர் அதைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அக்டோபர் 18 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபிலிப் ஹெம்மன்ஸ் நோயில் இறந்தார். மறுநாள் 156 பேரை சாகனுக்கு அனுப்பினார்கள். நோயில் கிடந்த மற்றவர்கள் பிறகு போனார்கள், அங்கேயே இறந்த அமெரிக்கர் லெவிட் பெக் தவிர. பெக் பிரான்ஸில் ஒளிந்திருந்த நாட்களில் தன் கதையை எழுதிப் புதைத்துவைத்துவிட்டுப் போயிருந்தார். போர் முடிந்ததும் அது பெற்றோரிடம் சேர்ந்தது, அவர்கள் அதை நூலாக வெளியிட்டார்கள்.

சாகனில் ஏற்கெனவே இருந்த கைதிகள் வந்தவர்களின் எலும்பையும் மொட்டைத் தலையையும் பார்த்துத் திகைத்தார்கள். போர்க்கைதி முகாமைச் சொர்க்கம் என்று யாராவது சொன்னார்கள் என்றால் அது இவர்களாகத்தான் இருக்கும். 1945 ஜனவரி இறுதியில் ரஷ்யப் படை நெருங்கியபோது அந்த முகாமையும் காலி செய்து, கொட்டும் பனியில் மேற்கே நடத்திப் போனார்கள். வசந்தத்தில் விடுதலை.

ஊர் திரும்பியவர்கள் புக்கன்வால்டைப் பற்றிச் சொன்னபோது நம்ப ஆளில்லை. போர்க்கைதிகளைப் போர்க்கைதி முகாமில்தான் வைத்திருப்பார்கள் என்பது அரசுகளின் கோப்பில் இருந்த உலகம். செஞ்சிலுவைப் பட்டியலில் இவர்களின் பெயர் முதலில் தோன்றுவதோ சாகனில். நடுவே இருந்த இரண்டு மாதத்துக்குத் தாள் கிடையாது. எந்தப் பட்டியலின்மை முகாமில் அவர்களைக் கொல்லத்தக்கவர்கள் ஆக்கியதோ அதுவே ஊரில் பொய்யர்கள் ஆக்கியது. பலர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், சிலர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. தமக்குள் ஒரு சங்கமாகக் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகள் 1980களின் பிற்பகுதியில்தான் தம் படையினர் நாஜி வதைமுகாம்களில் இருந்ததை ஏற்று இழப்பீடு தந்தன. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1994இல் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது.

தெஸுப்ரியைப் பிரான்ஸ் விசாரித்து 1949 டிசம்பரில் சுட்டுக் கொன்றது. ஆந்த்ரே த யோங் செவிலியாகி ஆப்பிரிக்காவின் தொழுநோய் மருத்துவமனைகளில் வேலை பார்த்து, 2007இல் இறந்தார். லாமேசன் நியூசிலாந்தின் டானவிர்க் பகுதியில் பண்ணை வைத்தார். கொலை உத்தரவைப் பற்றித் தம் ஆட்களிடம் மறைத்த செய்தியைப் பல ஆண்டு கழித்தே வெளியே சொன்னார். அவர் 2012 மே மாதம் இறந்தபோது வயது 93.